சொத்து வரிச் சீட்டில் ஃப்ளட் கண்ட்ரோல் வரி ஏறியிருக்கிறது: அணை ஃபெடரலுடையது என்றால் நாம் எதற்குக் கட்டுகிறோம்?

#1 சைப்ரஸ்_செந்தில்

ஜனவரி 31-க்குள் சொத்து வரி கட்டியாக வேண்டுமே என்று நேற்று ராத்திரி சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளி, கவுண்டி, மருத்துவமனை, துறைமுகம் என்று வழக்கமான பட்டியல்தான். அதில் ஹூஸ்டன் இருக்கும் நம் ஹாரிஸ் கவுண்டியின் ஃப்ளட் கண்ட்ரோல் டிஸ்டிரிக்ட் (வெள்ளத் தடுப்பு அமைப்பு) வரி மட்டும் துள்ளிக் குதித்திருக்கிறது. முன்பு 100 டாலர் மதிப்புக்கு ஏறக்குறைய 3.1 சென்ட், இப்போது 4.9 சென்ட். வரிக்குரிய மதிப்பு 3 லட்சம் டாலர் என்றால் 93 டாலர் கட்டியவர் இனி 147 டாலர் கட்ட வேண்டும்.

தொகை பெரிசில்லை. எனக்குப் புரியாதது வேறு. ஆடிக்ஸ், பார்க்கர் இரண்டு அணைகளும் ஆர்மி கோர் (ராணுவப் பொறியாளர் படை) கட்டியவை, அதாவது ஃபெடரல் (மத்திய அரசு). பாயூவை (ஊருக்குள் மெதுவாக ஓடும் ஓடை) அகலப்படுத்துவதிலும் ஆர்மி கோர் பெயர் அடிபடுகிறது. ஃபெடரல் வருமான வரியும் நாம்தான் கட்டுகிறோம். அப்புறம் கவுண்டிக்குத் தனியாக எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வரிகட்டுபவன்

நல்லா கேட்டீங்க செந்தில். 2018-இல் 250 கோடி டாலர் பாண்டுக்கு (கடன் பத்திரம்) ஓட்டுக் கேட்டார்கள். ஹார்வி புயல் கரை கடந்து சரியாக ஒரு வருஷம் ஆன ஆகஸ்ட் 25-ஆம் தேதி பார்த்துத் தேர்தல் வைத்தார்கள். வீட்டுச் சுவரில் ஈரம் காயாத ஜனங்கள் என்ன செய்வார்கள்? சுமார் 85 சதவீதம் பேர் சரி என்று போட்டார்கள், நானும் போட்டேன். 2024 நவம்பரில் இந்த வரியை ஏற்ற மறுபடி கையை நீட்டினார்கள். இந்த முறை தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தது. முதல் பணத்துக்குக் கணக்குச் சொல்லாமல் இரண்டாவது பணம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

#3 டிரெய்னேஜ்_தினேஷ்

வடிகால் வடிவமைப்பு ஆலோசனை வேலையில் இருக்கிறேன். கவுண்டியிலும் சம்பளம் வாங்கவில்லை, ஆர்மி கோரிலும் வாங்கவில்லை. அதனால் இரண்டு பக்கமும் திட்டலாம்.

வரிகட்டுபவன் சொல்வது இரண்டு வேறு பைகள். பாண்டுப் பணம் கட்டுமானத்துக்கும் நிலம் வாங்குவதற்கும். 2024-இல் ஓட்டுப் போட்டது பராமரிப்புக்கு: புல் வெட்ட, வண்டல் வார, சரிந்த கரையைக் கட்ட, அடைத்த குழாயை மாற்ற. வருஷத்துக்கு 11 கோடி டாலர் சொச்சம் கூடுதலாக வரும் என்று கணக்கு. இந்த வேலைக்கு ஃபெடரல் சல்லிக்காசு தராது. ஏன் தராது என்பதில்தான் செந்தில் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

1936-இல் வந்த வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் நாடு முழுக்க வெள்ளத் தடுப்பை ஃபெடரல் அரசின் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் கையோடு உள்ளூருக்கு மூன்று நிபந்தனை போட்டது. நிலம் நீ கொடு. வேலையால் யாருக்காவது சேதம் வந்து வழக்குப் போட்டால் எங்களை இழுக்காதே. கட்டி முடித்ததும் நீயே பராமரி. ஐம்பது வருஷம் இதுதான் நடைமுறை. 1986-இல் ரொக்கப் பங்கும் கொடு என்றார்கள், 1996-இல் உள்ளூர் பங்கு குறைந்தது 35 சதவீதம் என்று ஏற்றினார்கள். புதுத் திட்டம் எதுவானாலும் 65-க்கு 35 என்பது இங்கிருந்து வந்ததுதான்.

35 சதவீதம் என்று கேட்கும்போது லேசாகத் தெரியும். நிலம், வழியுரிமை, மண் கொட்டும் இடம், குறுக்கே போகும் குழாயையும் கம்பியையும் இடம் மாற்றும் செலவு எல்லாமே உள்ளூர் தலையில். ஹூஸ்டனில் ஒரு கால்வாயை அகலப்படுத்தத் தோண்டினால் எத்தனை எண்ணெய்க் குழாய் குறுக்கே வரும் என்று இங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலமும் குழாயும் சேர்ந்து எவ்வளவு வந்தாலும் குறைந்தது 5 சதவீதம் ரொக்கமாகவும் வைக்க வேண்டும்.

இந்த "உள்ளூர் பங்காளி" என்ற இடத்தில் கையெழுத்துப் போட ஓர் அமைப்பு வேண்டும். 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு 1937-இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஃப்ளட் கண்ட்ரோல் டிஸ்டிரிக்டை உருவாக்கியதே அதற்காகத்தான். ஆக உங்கள் 147 டாலர், பங்காளியாக இருப்பதற்கான சந்தா.

செந்தில் சொன்னதில் ஒன்று சரி. ஆடிக்ஸும் பார்க்கரும் ஆர்மி கோரின் சொந்த அணைகள், இயக்குவதும் பராமரிப்பதும் அவர்களே. அந்த இரண்டைத் தவிர நீங்கள் பார்க்கும் பாயூ, கால்வாய், தேக்கக் குளம் பெரும்பாலும் டிஸ்டிரிக்ட் கணக்கு.

#4 ஓய்வு_பொறியாளர்

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாடு பொதுப்பணித்துறையில் நீர்வளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்த பேச்சு என்பதால் உள்ளே வருகிறேன்.

காலையில் பார்க்கர் அணைக் கரையில் நடக்கிறேன். பத்து மைலுக்கு மேல் நீளமான மண்கரை, சரிவில் புல், கீழே காங்கிரீட் மதகு. நம் ஏரிக்கரைக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே பொட்டுத் தண்ணீர் கிடையாது! காடு, கால்பந்து மைதானம், நாய்களுக்கென்று ஒரு பூங்கா. வெள்ளம் வந்தால் மட்டும் தேக்கிவைத்துப் பிறகு வடிப்பதற்கான அணை என்று மாப்பிள்ளை சொன்னார். நல்ல ஏற்பாடுதான்.

என் சந்தேகம் இதுதான். ஏரி என்றால் முழு நீர்மட்டம் எது வரை போகுமோ அதுவரை நிலம் அரசுடையதாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஆக்கிரமிப்பு ஆயிரம் உண்டு, ஆனால் பதிவேட்டில் அது ஏரிப் புறம்போக்கு என்றுதான் இருக்கும். இங்கே மேற்குப் பக்கம் பார்த்தால் நீர்பிடிப்புக்குள்ளேயே வரிசை வரிசையாக வீடுகள். அதுவும் ஆக்கிரமிப்பு இல்லை, முறையாக அனுமதி வாங்கி, வங்கிக் கடன் வாங்கிக் கட்டியவை. இதற்கு யார் கையெழுத்துப் போட்டார்கள்?

#5 கேட்டி_குமரன்

சார், நீங்கள் சொல்லும் அந்த வரிசையில் எங்கள் வீடும் ஒன்று.

வாங்கும்போது கட்டுநர் சொல்லவில்லை, முகவர் சொல்லவில்லை, கடன் கொடுத்தவர் "வெள்ள மண்டலத்தில் இல்லை, காப்பீடு தேவையில்லை" என்று தாளே கொடுத்தார். ஹார்விக்குப் பிறகுதான் கவுண்டி அலுவலகத்தில் பதிவான மனைப் பிரிவு வரைபடத்தைத் தேடி எடுத்தேன். மூலையில், மற்ற குறிப்புகளோடு குறிப்பாக, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில் ஒரு வாக்கியம்: இந்த மனைகள் பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டி இருப்பதால் தேக்க நீரில் மூழ்கக்கூடும் என்ற பொருளில். வீடு வாங்குகிறவன் வரைபடத்தைப் பார்ப்பானா, சமையலறை மேடையைப் பார்ப்பானா?

நான் கிழக்குப் பக்கம் மாறிவிடலாமா என்று யோசித்தேன். பிள்ளைகள் பள்ளி இங்கே. இருந்துவிட்டோம்.

#6 டிரெய்னேஜ்_தினேஷ்

சார் கேட்ட கேள்விக்குக் கையெழுத்து ஒன்றில்லை, பல. அதுதான் சிக்கலே.

1940-களில் இந்த இரண்டு அணைகளையும் கட்டியபோது (பார்க்கர் 1945, ஆடிக்ஸ் 1948) சுற்றிலும் நெல் வயலும் மாட்டுப் புல்வெளியும்தான். மூலத் திட்டத்தில் சைப்ரஸ் கிரீக் பக்கம் ஒரு கரையும், இன்னொரு நீர்த்தேக்கமும், வெள்ளத்தைத் திருப்பிவிடும் கால்வாய்களும் இருந்தன. அவற்றைக் கட்டவே இல்லை. ஊர் வளர்ந்து நிலத்தின் விலை ஏறிவிட்டது, திட்டம் சுருங்கிவிட்டது.

ஃபெடரல் அரசு வாங்கிய நிலம் பார்க்கரில் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 95 அடி உயரக் கோடு வரை. ஆடிக்ஸில் 103 அடி. கரையோ அதைவிட உயரம். அதாவது அணை தன் முழுத் திறனுக்கு நிரம்பினால் தண்ணீர் ஃபெடரல் நிலத்தைத் தாண்டித் தனியார் நிலத்தில் ஏறும் என்பது கட்டும்போதே தெரிந்த விஷயம். அன்றைக்கு அது வயல். வயலில் நாலு நாள் தண்ணீர் நின்றால் யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டார்கள்.

அப்புறம் அந்த வயலை மனை போட்டார்கள். டெக்சாஸில் கவுண்டிக்கு நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மிகக் குறைவு. இங்கே கட்டாதே என்று சொல்ல முடியாது, வடிகால் விதிப்படி கட்டு என்றுதான் சொல்ல முடியும். ஃபோர்ட் பெண்ட் கவுண்டி முடிந்ததைச் செய்தது, குமரன் பார்த்த அந்தக் குறிப்பைப் போட வைத்தது. ஆர்மி கோருக்குத் தன் எல்லைக் கோட்டுக்கு வெளியே வாய் திறக்க உரிமை இல்லை. ஃபீமா (ஃபெடரல் பேரிடர் நிர்வாக அமைப்பு) வரைபடம் ஆறும் ஓடையும் பொங்கினால் எங்கே நிற்கும் என்று பார்க்குமே தவிர, அணை நிரம்பிப் பின்பக்கம் ஏறுவதை அந்த வரைபடத்தில் யாரும் வரையவில்லை. எல்லோரும் தங்கள் பங்கைச் சரியாகச் செய்தார்கள். 95 அடிக்கு மேலே இருந்த நிலம் மட்டும் யார் பங்கிலும் வரவில்லை.

ஹார்வியில் பார்க்கர் நீர்மட்டம் 101 அடியைத் தாண்டியது.

#7 அம்பத்தூர்_அருண்

செம்பரம்பாக்கம் ஞாபகம் வருகிறது. 2015 டிசம்பரில் 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றுக் கரையில் என்ன பேச்சு பேசினோமோ அதே பேச்சு.

#8 டிரெய்னேஜ்_தினேஷ்

அருண், பாதிதான் அதே பேச்சு. இங்கே இரண்டு பக்கமும் முழுகினார்கள். ஆகஸ்ட் 25 அன்று மதகை மூடினார்கள். பின்பக்கம் தண்ணீர் ஏறி வீடுகளுக்குள் புகுந்தது. 28 நள்ளிரவு கடந்ததும் திறந்தார்கள், இரண்டு அணைக்கும் சேர்த்து சுமார் 13,000 கன அடி வரை போனது. சாதாரண நாளில் 2,000 கன அடிக்கு மேல் விட மாட்டார்கள். முன்பக்கம் பஃபலோ பாயூ கரையோர வீடுகள் முழுகின. மூடினாலும் வழக்கு, திறந்தாலும் வழக்கு.

பின்பக்க வழக்கில் 2019 டிசம்பரில் ஃபெடரல் கோரிக்கை நீதிமன்றம் அரசுதான் பொறுப்பு என்று சொன்னது. மற்றவர் நிலத்தைத் தண்ணீர் தேக்கப் பயன்படுத்திக்கொண்டாய், விலை கொடு என்பது சாரம். முன்பக்க வழக்கை 2020-இல் இன்னொரு நீதிபதி தள்ளுபடி செய்தார், 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுபடி உயிர்ப்பித்தது.

#9 நடுவர்

செம்பரம்பாக்கத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். இங்கே ஹூஸ்டன் விஷயம் மட்டும். #7-க்குப் பதிலாக வந்த நான்கு பதிவுகளை அங்கே நகர்த்திவிட்டேன்.

#10 மேயர்லேண்ட்_மாலதி

எல்லோரும் பங்கு போடுவதில் உள்ள ஓட்டையையே பேசுகிறீர்கள். வேலை நடந்த இடத்தில் இருப்பவள் நான், அதையும் கேளுங்கள்.

மேயர்லேண்டில் 2015 மெமோரியல் டே, 2016 டாக்ஸ் டே, 2017 ஹார்வி என்று மூன்று வருஷம் தொடர்ந்து வெள்ளம். எங்கள் தெருவில் இப்போது நடந்தால் வீடுகளைப் பார்த்தே கதை சொல்லிவிடலாம். தரையோடு ஒட்டிய பழைய செங்கல் வீடு ஒன்று, பக்கத்தில் ஆள் உயரத்துக்குத் தூண் எழுப்பி மேலே தூக்கி வைத்த வீடு, அதற்கு அடுத்து வெறும் புல். தூக்கிய வீட்டுக்காரர் வாசற்படியில் ஏறி வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. வெறும் புல் இருக்கும் இடம் அரசு வாங்கி இடித்தது. ஃபீமா முக்கால் பங்கு, உள்ளூர் கால் பங்கு போட்டு வாங்கும் அப்படிப்பட்ட மனையில் இனி எந்தக் காலத்திலும் வீடு கட்ட முடியாது, திறந்த வெளியாகவே இருக்க வேண்டும் என்பது விதி. புல் வெட்டுவது யார்? செந்தில் கட்டும் வரிதான்.

எங்கள் பிரேஸ் பாயூ திட்டம் ஆர்மி கோரும் டிஸ்டிரிக்டும் சேர்ந்து செய்தது. ஏறக்குறைய 48 கோடி டாலர். சுமார் 21 மைல் கால்வாயை அகலப்படுத்தி, 30-க்கும் மேற்பட்ட பாலங்களை மாற்றியோ திருத்தியோ கட்டி, நான்கு தேக்கக் குளங்கள் தோண்டினார்கள். நான்கிலும் சேர்த்து 350 கோடி காலன் நிற்கும். வில்லோ வாட்டர்ஹோல் அதில் ஒன்று. இப்போது அது பறவை பார்க்கிறவர்கள் இடமாகிவிட்டது.

பாலம் ஏன் மாற்ற வேண்டும் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. பழைய பாலங்கள் தாழ்வாக, நெருக்கமான தூண்களோடு இருந்தன. வெள்ளத்தில் மரமும் வேலியும் குப்பைத் தொட்டியும் வந்து தூணில் மாட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் பாலமே அணையாகிவிடும், மேல்பக்கத் தெருவில் தண்ணீர் ஏறும். புதுப் பாலங்களைத் தூக்கிக் கட்டி, தூண்களைக் குறைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பாலம் மூடிக்கிடந்த காலத்தில் கடைக்குச் சுற்றிப் போனதில் திட்டாத நாளில்லை.

2022-இல் முடிந்தது. முழுதும் முடிந்திராத ஹார்வி நேரத்திலேயே கீழ்ப் பகுதிகளில் நிறைய வீடுகள் தப்பின என்று டிஸ்டிரிக்ட் சொல்கிறது. எங்கள் வீடு தப்பவில்லை, அது வேறு கதை.

#11 வரிகட்டுபவன்

மேயர்லேண்டுக்கு வேலை நடந்தது. ஏன் நடந்தது என்றும் சொல்லுங்கள் மாலதி அக்கா. விலை உயர்ந்த வீடு இருந்தால் திட்டம் வரும், இல்லாவிட்டால் வராது.

#12 ஆல்டின்_நேசன்

வரிகட்டுபவனோடு எனக்கு வரி விஷயத்தில் ஒத்துப்போகாது. ஆனால் இந்த இடத்தில் அவர் சொல்வது மெய்தான். நான் வடக்கு ஹூஸ்டனில் ஹால்ஸ் பாயூ பக்கம் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நாள் தொட்டு இதே இடம்தான்.

ஆர்மி கோர் ஒரு திட்டத்தை எடுக்க வேண்டுமென்றால் ஒரு டாலர் செலவுக்கு எவ்வளவு டாலர் சேதம் தவிரும் என்று கணக்குப் பார்க்கும். சட்டப்படி நன்மை செலவை மிஞ்சினால் போதும். ஆனால் கட்டுமானத்துக்கு பட்ஜெட்டில் இடம் பிடிக்க 7 சதவீத வட்டிக் கணக்கில் 2.5 மடங்கு காட்ட வேண்டும் என்று பல வருஷம் வைத்திருந்தார்கள். சேதம் என்றால் பெரும்பாலும் கட்டடத்தின் மதிப்பு. 8 லட்சம் டாலர் வீட்டில் இரண்டு அடி தண்ணீர் ஏறினால் நன்மைக் கணக்கு எகிறும். 90 ஆயிரம் டாலர் வீட்டில் அதே இரண்டு அடி ஏறினால், அந்த வீட்டுக்காரன் வேலைக்குப் போக கார் இல்லாமல், பிள்ளைகளோடு மாசக்கணக்கில் உறவினர் வீட்டில் படுத்தாலும், கணக்கில் அது சின்னத் தொகை. அவனுக்குச் சேமிப்பும் இல்லை, காப்பீடும் இல்லை, ஆனால் அதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

2018 பாண்டு இதனால்தான் எங்களுக்கு முக்கியமாகப்பட்டது. அது உள்ளூர்ப் பணம், யாருடைய கணக்குக்கும் கட்டுப்படத் தேவையில்லை. 2019-இல் கவுண்டி எந்த வேலை முதலில் என்ற வரிசையை மாற்றி, வெள்ள ஆபத்தோடு மக்களின் வறுமை நிலையையும் பார்த்தது. அதற்கு எவ்வளவு கூச்சல் வந்தது என்பதும் ஞாபகம் இருக்கும்.

#13 டிரெய்னேஜ்_தினேஷ்

நேசன் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாண்டின் 250 கோடியை மட்டும் நம்பித் திட்டப் பட்டியல் போடவில்லை. அதைக் காட்டி ஃபெடரல் பணத்தைப் பங்குக்கு இழுக்கலாம் என்பதுதான் கணக்கு. பிரேஸ், ஒயிட் ஓக், ஹன்டிங், கிளியர் கிரீக் போன்ற ஏற்கெனவே ஃபெடரல் அனுமதி பெற்ற திட்டங்களுக்கு 2018-இல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒதுக்கியதில் இருந்து வந்துவிட்டது. அந்த அனுமதி இல்லாத பாயூக்களுக்கு ஃபெடரல் வீட்டுவசதித் துறையின் மானியத்தை நம்பினார்கள். அது மாநில நில அலுவலகம் வழியாக வர வேண்டும்.

2021 மே மாதம் நில அலுவலகம் முதல் சுற்றில் 100 கோடி டாலர் பிரித்துக் கொடுத்தது. ஹூஸ்டன் மாநகராட்சிக்கு 0. ஹாரிஸ் கவுண்டி அரசுக்கு 0. ஹார்வியில் யார் முழுகினார்கள் என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மதிப்பெண் போட்ட முறையில் ஒன்று: திட்டத்தால் பயனடைபவர்கள் அந்த ஊர் மக்கள்தொகையில் எத்தனை சதவீதம்? இரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் ஒரு வடிகால் போட்டால் எல்லோருக்கும் பயன், முழு மதிப்பெண். 40 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள கவுண்டியில் ஐம்பதாயிரம் பேரைக் காப்பாற்றினாலும் ஒன்றேகால் சதவீதம்தான். சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்காத கதை.

கூச்சல் எழுந்ததும் கவுண்டிக்கு 75 கோடி டாலர் நேரடியாகத் தரலாம் என்று நில ஆணையராக இருந்த ஜார்ஜ் பி. புஷ் அறிவித்தார். 2022 மார்ச்சில் வீட்டுவசதித் துறையே அந்தப் பங்கீடு சிறுபான்மையினரைப் பாரபட்சமாக நடத்தியது என்று கண்டறிந்து சொன்னது. இதெல்லாம் நடந்து முடிவதற்குள் கட்டுமானச் செலவு எங்கேயோ போய்விட்டது.

ஆக வரிகட்டுபவன் கேட்ட "முதல் பணம் எங்கே" என்பதற்கு: ஒரு பகுதி செலவாகிவிட்டது, ஒரு பகுதி ஜோடிப் பணம் வருவதற்காகக் காத்திருக்கிறது.

#14 வரிகட்டுபவன்

சரி. இது எனக்குத் தெரியாது. ஆனால் காத்திருந்தால் செலவு ஏறும் என்று தெரிந்தும் ஏன் காத்திருக்க வேண்டும்? ஃபெடரல் வேண்டாம், நாமே கட்டிக்கொள்கிறோம் என்று சொல்ல முடியாதா?

#15 சுகர்லேண்ட்_ராஜி

சொல்ல முடியும், நாங்கள் சொன்னோம். பிராசோஸ் ஆற்றோரம் எங்கள் பக்கத்துக் கரைகளைப் பெரும்பாலும் லெவி டிஸ்டிரிக்ட்தான் (வெள்ளக் கரை கட்டிப் பராமரிக்கும் உள்ளூர் அமைப்பு) கட்டியிருக்கிறது. வீட்டுக்காரர்கள் வரி, வீட்டுக்காரர்கள் பாண்டு. ஃபீமா விதிப்படி கரைக்குச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஃபெடரல் சம்பந்தம். ஹார்வியில் கரை தாங்கியது. கரைக்கு உள்ளே விழுந்த மழையை வெளியே தள்ள பம்ப் திணறிய இடங்கள் உண்டு, அதற்குப் பிறகு பம்ப் வாங்க மறுபடி பாண்டு.

வசதியுள்ள ஊர் என்பதால் முடிந்தது. நேசன் அண்ணா ஊரில் இதே வரி போட்டால் தாங்குவார்களா?

#16 டிரெய்னேஜ்_தினேஷ்

நடுவே ஒரு வழி உண்டு, மாலதி அக்கா சொன்ன பிரேஸ் அப்படித்தான் நடந்தது. 1996 சட்டத்தில் 211 என்று ஒரு பிரிவு. வழக்கமாக ஆர்மி கோர் வடிவமைக்கும், ஒப்பந்தம் விடும், உள்ளூர் தன் பங்கைக் கட்டும். இந்தப் பிரிவில் அது தலைகீழ். உள்ளூர் அமைப்பே வடிவமைத்து, ஒப்பந்தம் விட்டு, தன் பணத்தில் கட்டும். ஆர்மி கோர் சரிபார்க்கும். பிறகு ஃபெடரல் பங்கு திரும்ப வரும்.

நல்லது என்னவென்றால் வாஷிங்டனில் பட்ஜெட் தாமதமானாலும் ஜேசிபி நிற்காது. கெட்டது, திரும்ப வரும் பணமும் ஒவ்வொரு வருஷமும் காங்கிரஸ் ஒதுக்கினால்தான் வரும். கையில் காசு புரட்டும் சக்தி உள்ள அமைப்பால்தான் முடியும். ஹாரிஸ் கவுண்டியால் முடிந்தது. என்னைக் கேட்டால் நம் பக்கத்தில் இந்தக் கூட்டு உருப்படியாக ஓடியது இந்த முறையில்தான். யார் பணம் என்பதைவிட யார் முன்னால் நடப்பது என்பது முக்கியம்.

#17 பேர்லாந்து_முருகேசன்

தினேஷ், கிளியர் கிரீக் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். இங்கே பேர்லாந்தில் உள்ள மீனாட்சி கோயிலுக்கு வருகிற எல்லோரும் இந்த நீர்ப்பரப்புக்குள்தான் வருகிறீர்கள், அதனால் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கிளியர் கிரீக் திட்டத்துக்கு காங்கிரஸ் அனுமதி கொடுத்தது 1968-இல். அதே பழைய பாணி: ஓடையை நேராக வெட்டி அகலமாக்கு. இந்தக் கரையில் ஒரு கவுண்டி, அந்தக் கரையில் வேறு கவுண்டி. உள்ளூர் பங்காளிகள் மட்டும் மூன்று பேர்: ஹாரிஸ் கவுண்டி டிஸ்டிரிக்ட், கால்வெஸ்டன் கவுண்டி, பிரசோரியாவின் 4-ஆம் எண் டிரெய்னேஜ் டிஸ்டிரிக்ட். மேலே வேகமாக வடித்தால் கீழே முழுகும் என்று கீழ்க்கரைக்காரர்கள் சொன்னார்கள். ஓடையை வெட்டிக் கால்வாயாக்கினால் மரமும் மீனும் போய்விடும் என்று இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுபடி ஆய்வு, மறுபடி வடிவம். திருத்திய அறிக்கை முடிந்தது 2012-இல். பெரிய பணம் வந்தது ஹார்விக்குப் பிறகு, 2018-இல். அரை நூற்றாண்டு.

ஆய்வு என்றால் மூன்று வருஷம், 30 லட்சம் டாலருக்குள் முடிக்க வேண்டும் என்று 2014-இல் ஆர்மி கோருக்குக் கடிவாளம் போட்டார்கள். எவ்வளவு தூரம் நடக்கிறது என்று பார்ப்போம்.

#18 ஓய்வு_பொறியாளர்

திரு. முருகேசன் சொன்னதில் எனக்கு ஒரு கவலை. 1968-இல் வரைந்ததை 2018-இல் கட்டினால் மழைக் கணக்கு மாறியிருக்காதா?

#19 டிரெய்னேஜ்_தினேஷ்

மாறிவிட்டது சார், அதுவும் எக்கச்சக்கமாக. நூறு வருஷத்துக்கு ஒருமுறை என்று நாங்கள் எடுத்துக்கொள்ளும் 24 மணி நேர மழை ஹூஸ்டனில் சுமார் 13 அங்குலம் என்று இருந்தது. 2018-இல் நோவா (ஃபெடரல் வானிலை, கடல் ஆய்வு அமைப்பு) வெளியிட்ட அட்லஸ் 14 என்ற மழைக் கணக்கில் அது 18 அங்குலம் வரை போகிறது. பிரேஸ் உட்பட பழைய கணக்கில் வடிவமைத்தவை எல்லாம் கட்டி முடிக்கும்போதே அரை படி கீழே இறங்கிவிட்டன. கட்டியது வீண் என்று அர்த்தமில்லை, சொன்ன அளவு பாதுகாப்பு இல்லை என்று அர்த்தம். புதுத் திட்டங்களும் ஃபீமாவின் புது வரைபட வேலையும் புதுக் கணக்கில்.

#20 ஓய்வு_பொறியாளர்

நன்றி தம்பி. வண்டல் வாருவதற்கு நேராக மக்களிடம் ஓட்டுக் கேட்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. எங்கள் காலத்தில் பராமரிப்புக்கு நிதி கேட்டுக் கோப்பு அனுப்பினால் "புதுப் பணி இருந்தால் சொல்லுங்கள்" என்று திரும்பி வரும். திறப்பு விழா வைக்க முடியாத வேலைக்கு யார் பணம் தருவார்கள்?

#21 வரிகட்டுபவன்

அந்த ஐக் டைக் என்ன ஆயிற்று? 2008-இல் ஐக் புயல் அடித்ததில் இருந்து கேட்கிறேன். கடல் வாயிலில் கதவு போடுவதாகச் சொன்னார்களே.

#22 டிரெய்னேஜ்_தினேஷ்

2022 டிசம்பரில் காங்கிரஸ் அனுமதித்தது. மதிப்பீடு 3,400 கோடி டாலர். உள்ளூர் பங்காளியாக இருக்க 2021-இல் கல்ஃப் கோஸ்ட் பாதுகாப்பு மாவட்டம் என்று ஒன்றை மாநிலம் உருவாக்கியது. 35 சதவீதம் என்று வைத்தால் அவர்கள் பங்கு மட்டும் 1,200 கோடி டாலர் பக்கம்.

அனுமதி வேறு, ஒதுக்கீடு வேறு. காங்கிரஸ் முதலில் ஒதுக்கிய ஃபெடரல் பணம் 5 லட்சம் டாலர். லட்சம்தான், எழுத்துப் பிழை இல்லை.

#23 வரிகட்டுபவன்

🤦 கேட்டி பக்கம் அதில் ஒரு வீடு வாங்கலாம்.

#24 கேட்டி_குமரன்

95 அடிக் கோட்டுக்கு வெளியே பார்த்து வாங்குங்கள் அண்ணா.

#25 சைப்ரஸ்_செந்தில்

ஒரு வரிச் சீட்டில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது, ஆனால் உருப்படியாகத் தெரிந்துகொண்டேன். வரியைக் கட்டிவிட்டேன். இன்னும் ஒன்று மட்டும்: எங்கள் வீடு ஃபீமா வரைபடத்தில் வெள்ள மண்டலத்துக்கு வெளியே. கடன் கொடுத்தவர் காப்பீடு கேட்கவில்லை. எடுக்கலாமா வேண்டாமா? குமரன் சொன்னதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

#26 கேட்டி_குமரன்

எடுத்துவிடுங்கள் செந்தில். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. ஃபெடரல் வெள்ளக் காப்பீட்டில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், சாமான்களுக்கு 1,00,000 டாலர் வரை. இரண்டும் தனித்தனி, சாமானுக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நிறைய பேர் கட்டடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு முழிக்கிறார்கள். வேறு இடத்தில் தங்கும் வாடகையை அது தராது, அதற்குத் தனியார் காப்பீடுதான் பார்க்க வேண்டும்.

முக்கியமானது, புதிதாக எடுத்தால் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். டிவியில் புயல் படம் பார்த்துவிட்டு எடுக்க முடியாது. புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. ஏப்ரல் கடைசிக்குள் பணம் கட்டிவிட்டால் தலைவலி இல்லை.

அப்புறம் கவுண்டி கிளார்க் தளத்தில் உங்கள் மனைப் பிரிவு வரைபடத்தைத் தேடி எடுங்கள். கிடைத்தால் இங்கே குறிப்பு எண்ணைப் போடுங்கள், மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று நானும் பார்க்கிறேன்.